திருப்பிப் போட்ட பெயரட்டை

லேபர் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது உங்களில் மூன்று பேரின் பெயரட்டை கழுத்தில் திரும்பிக் கிடந்தது. வந்த இடத்தில் காப்பியைக் குடித்துவிட்டுப் போகாமல் இந்தக் கிழவி எதையெல்லாம் நோட்டம் விடுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நாடா முறுக்கிக்கொண்டு அட்டை தானாகத் திரும்புவது உண்டு. வேண்டுமென்றே திருப்பிப் போடுகிறவள், அது திரும்பியே இருக்கிறதா என்று அடிக்கடி ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பதினோரு வருஷம் அந்த வேலையைச் செய்தவள் நான். அதனால் அந்த விரலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

ரிட்டயர் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு இன்னும் டியூட்டி இருப்பதால் இங்கே பஹ்ரைனில், குதைபியாவில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். உங்களுக்கு எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் இன்சார்ஜ் கேட்டாள். என் தோல்விகளை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. ஆனால் ஒரு தடவை நான் ஜெயித்தேன். அடக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. ஜெயித்த மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அட்டையைப் பற்றி. முன்பக்கம் என் படம், என் பெயர், அதன்கீழே பெரிய எழுத்தில் ஸ்டாஃப் மிட்வைஃப். பின்பக்கம் அவசரக் குறிகளின் பட்டியல்: தீப்பிடித்தால் சிவப்பு, மூச்சு நின்றால் நீலம், குழந்தை காணாமல் போனால் இளஞ்சிவப்பு. நான் பட்டியலை வெளியே காட்டித் தொங்கவிட்டிருந்தேன். யாராவது கேட்டால், அவசரத்தில் பார்க்க வசதி என்பேன். அந்தப் பட்டியல் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

உண்மை வேறு. எனக்கு மிட்வைஃப் என்ற அந்தச் சொல் பிடிக்கவில்லை. தமிழில் மருத்துவச்சி. எங்கள் ஊர் வள்ளியூர்ப் பக்கம். நான் சின்னவளாக இருந்தபோது, பிள்ளைப்பேறு பார்க்க வருகிற மருத்துவச்சியைக் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் விடுவார்கள். பிள்ளை பிறக்கிறவரை அவள் வைத்ததுதான் சட்டம். பிறந்த பிறகு அவள் உட்கார ஒரு பலகைகூடப் போட மாட்டார்கள். என் படிப்புச் சான்றிதழில் நர்சிங், மிட்வைஃபரி இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் அப்படியே பழகிவிட்டேன். பஹ்ரைனுக்கு வந்து நாலு வருஷம் பொது வார்டில் நர்சாக இருந்துவிட்டு லேபர் ரூமுக்கு மாற்றப்பட்டபோது, சம்பளம் கூடியதை ஊருக்குச் சொன்னேன். அட்டை மாறியதைச் சொல்லவில்லை.

பிரசவப் பதிவுப் படிவத்தில் பிரசவம் பார்த்தவரின் பதவி என்று ஒரு கட்டம் உண்டு இல்லையா? அதில் 'எஸ்/என்' என்று இரண்டு எழுத்து கிறுக்கிவிடுவேன். ஸ்டாஃப் நர்ஸ் என்று பொருள். படிவம் தவறாமல் திரும்பி வரும். அனுப்புகிறவர் கீழ்த்தளத்தில் பதிவேட்டு அறையில் இருந்த எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். கோப்புகளைக் காப்பது, பெயரட்டை அச்சடிப்பது இரண்டும் அவர் வேலை. ஏறக்குறைய என் வயதுதான். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தங்கச்சி என்பார். படிவத்தோடு மஞ்சள் துண்டுச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும்: 'பதவியை முழுசா எழுதவும்.' பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தி அனுப்புவேன். அதையும் யாராவது ஜூனியரிடம் எழுதச் சொல்வேன், என் கையால் எழுத மாட்டேன். அவ்வளவு வீம்பு.

வெட்கப்படுகிற வேலையில் ஒருத்தி எப்படி இருப்பாள்? முடிந்தவரை அதைவிட்டுத் தள்ளி நிற்பாள். அப்போதுதான் எங்கள் தளத்தில் நடுமேசையில் நாலு திரைகளை வைத்தார்கள். நாலு அறைகளிலும் குழந்தைகளின் இதயத்துடிப்பு மேசையிலேயே ஓடும். எனக்குக் கொண்டாட்டம். நாற்காலி இருந்தது, கையில் பேனா இருந்தது, கண்ணெதிரே இயந்திரம் இருந்தது. இதுதான் நர்ஸ் உத்தியோகம் என்று மிதப்பாக உட்கார்ந்துகொண்டேன். அறைக்குள் போவேன், வேலையை முடிப்பேன், மேசைக்கு வந்துவிடுவேன். என் கணக்கில் நான் கெட்டிக்காரி.

அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒருநாள் காலையில் சந்தி சிரித்தது. பாகிஸ்தான்காரப் பெண் ஒருத்தி, மூன்றாவது பிரசவம், சிக்கல் எதுவும் இல்லை. குழந்தையைத் துடைத்துக் கொடுத்தேன், ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கம்பளியைப் போர்த்திவிட்டு மேசைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அறையைத் துடைக்கப் போன தெலுங்குப் பெண் கதவருகே வந்து நின்றாள். கையில் துடைப்பம் இல்லை.

"சிஸ்டர், ஜல்தி ஆவோ. ஹாத் பகுத் டண்டா ஹை," என்றாள்.

சீக்கிரம் வரணுமாம், அந்தப் பெண்ணின் கை சில்லென்று ஆகிவிட்டதாம். ஓடினேன். கம்பளிக்கு அடியில் ரத்தம் கட்டிலை நனைத்து விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்து கிடந்தது. பிறகு நாங்கள் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், எழுதவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏறிய பிறகு அந்தப் பெண் பிழைத்தாள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. காகிதத்தில் எல்லாம் நேரத்துக்கு நேரம் சரியாக இருந்தது. அவளுக்குக் குளிரெடுத்தபோது பிடித்துக்கொள்ளக் கிடைத்தது துடைக்க வந்தவளின் சட்டை நுனிதான் என்பது காகிதத்தில் இல்லை. அவள் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டது காதில் விழும் தூரத்தில் நான் இல்லை.

மறுநாளே பதிவேட்டு அறைக்கு இறங்கிப் போனேன். எனக்கு இரண்டு வேண்டும் என்றேன்: வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றல் கேட்கும் படிவம் ஒன்று, மிட்வைஃப் என்ற சொல் இல்லாத அட்டை ஒன்று. எனக்கு இந்த வேலை ஆகாது என்று முடிவு கட்டியிருந்தேன். அது பணிவு இல்லை பிள்ளைகளே, ஓட்டம்.

அண்ணாச்சி கோப்புகளை ஒதுக்கி எனக்கு நாற்காலி போட்டார். பிறகு சிரித்தார். "அட்டையிலை ரெண்டு எழுத்துக் கூடப் போடச் சொல்லித்தான் எல்லாரும் இஞ்சை வாறவை. ஒரு சொல்லைத் தூக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள். அந்தச் சொல் உங்களுக்கு என்ன செய்தது?"

மருத்துவச்சிக் கதையைச் சொன்னேன். கொல்லைப்புற வாசலையும் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து தடித்த அகராதி ஒன்றை எடுத்தார். அதன் முதுகு பிய்ந்து, ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. அச்சடிக்கிற ஒவ்வொரு பதவிப் பெயரும் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அச்சடிப்பாராம். மேட்ரனிடம் போய், உங்கள் பதவிக்கு மூலம் அம்மா என்கிற சொல் என்று சொல்லி முறைப்பு வாங்கியவர். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இங்கிலீஷில் ஏன் ஸ்பின்ஸ்டர் என்று நூல் நூற்பவளின் பெயர் வந்தது என்று ஒருமுறை என்னிடமே பத்து நிமிஷம் பேசியிருக்கிறார். அன்று எனக்குப் பொறுமை இல்லை. ஆனாலும் உட்கார்ந்தேன்.

"வைஃப் எண்டால் இப்பத்தான் மனுசி," என்று தொடங்கினார். மனுசி என்றால் அவர்கள் பேச்சில் மனைவி. "பழைய இங்கிலீசிலை அது சும்மா பொம்பிளை எண்டுதான். கலியாணம் கட்டினவவோ கட்டாதவவோ எண்ட கேள்வியே இல்லை."

மீன் விற்கிற பெண்ணை இங்கிலீஷ்காரர்கள் ஃபிஷ்வைஃப் என்பார்களாம். மீனுக்கு வாழ்க்கைப்பட்டவள் இல்லை, மீன்காரி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பெண் என்பதற்கு இன்று நாம் சொல்கிற வுமன் என்ற சொல்லே அந்தப் பழைய சொல்லோடு மனிதன் என்ற சொல் ஒட்டி வந்ததுதானாம். காலம் போகப்போகச் சொல் குறுகிக் குறுகி ஒருவனுடைய மனைவி என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. இன்னொன்றும் காட்டினார். வீட்டை ஆள்கிறவள் என்று பொருள்பட்ட ஹவுஸ்வைஃப் என்ற சொல் வாயில் தேய்ந்து தேய்ந்து ஹஸ்ஸி என்று ஆகி, கடைசியில் நடத்தை கெட்டவள் என்கிற வசவாகவே போய்விட்டதாம். பெண்ணுக்கு வைத்த பெயர்களை ஊர் என்ன பாடு படுத்துகிறது என்று அவர் வருத்தப்பட்டார். எனக்கு மருத்துவச்சி என்று எங்கள் தெருவில் சொல்கிறபோது உதடு சுழிப்பது ஞாபகம் வந்தது.

"உங்கடை சொல் தப்பி வந்தது, தங்கச்சி. உள்ளுக்கை இன்னும் அந்தப் பழைய பொம்பிளைதான் இருக்கிறா. மிட் எண்டால் உடன், கூட எண்டு அர்த்தம். கூட இருக்கிற பொம்பிளை எண்டு படிச்சவை சொல்லினம். பொம்பிளையோடை இருக்கிற ஆள் எண்டு வேறை சிலபேர் சொல்லினம். எப்பிடிப் பாத்தாலும் அதுக்குள்ளை பிள்ளை எடுக்கிற வேலையே இல்லை. கூட இருக்கிற வேலைதான் இருக்கு."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. முந்தின நாள் நடந்தது அவருக்குத் தெரியாது. "அப்படின்னா அந்த அட்டையைத் துடைக்க வந்த பிள்ளைக்குப் போடுங்க அண்ணாச்சி," என்று வெடித்துவிட்டேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. மாற்றல் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அட்டை அச்சடிக்கிற ரிப்பன் தீர்ந்துவிட்டது, தரச்சான்று ஆய்வுக்காரர்கள் வந்து போன பிறகு வாருங்கள், வேண்டிய மாதிரி அடித்துத் தருகிறேன் என்றார். நான் படிவத்தை நிரப்பி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆய்வு முடிந்த மறுநிமிஷம் இன்சார்ஜ் மேடத்திடம் நீட்டிவிட வேண்டும் என்று இருந்தேன்.

ஆய்வு நாள் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆய்வு என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரைச்சீலை புதிது, குப்பைத்தொட்டி புதிது, எங்கள் புன்னகையும் புதிது. கோப்புகளோடு எல்லாரும் மேசையில் இருக்க வேண்டும், கேட்ட கேள்விக்கு டக்கென்று பதில் சொல்ல வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. மேடம் கேரளத்துக்காரர். நல்லவர்தான். அன்றைக்கு மட்டும் அவருக்கே ரத்தக்கொதிப்பு ஏறியிருந்தது.

மூன்றாம் அறையில் செல்வராணி இருந்தாள். இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம். மனாமாவில் ஒரு அலுவலகத்தில் டீ போடுகிற வேலை. புருஷன் லாரி டிரைவர். கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இது ஒன்பது மாதம் தாண்டி வந்த முதல் பிள்ளை. புருஷன் அன்று விடியலில் சவுதிப் பக்கம் கோபாருக்கு லோடு ஏற்றிப் போனவன், வலி எடுத்த செய்தி கேட்டுத் திரும்பி வரும் வழியில் கடல் பாலத்தில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய அம்மா ஹட்டனிலிருந்து போனில் அழுதுகொண்டே இருந்ததால் போனை நான்தான் வாங்கி ஓரமாக வைத்தேன். ஆக, அந்த அறையில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை. அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்தப் புள்ளையும் இல்லாம நான் வெளிய போகமாட்டேன். கைய மட்டும் விட்டுறாதீங்க," என்றாள்.

கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்து, முக்குகிற கட்டம் வந்துவிட்டது. முன்பு அவ்வப்போது இறங்கி ஏறிக்கொண்டிருந்த குழந்தையின் துடிப்பு, கடைசி கால் மணி நேரமாகக் கோடு போட்ட மாதிரி அழகாக ஓடியது. நிமிஷத்துக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது. எகிப்து டாக்டரம்மா மேசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து, நன்றாக இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் முக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். என்னோடு இருந்த ஃபிலிப்பைன்ஸ் பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவளும் பார்த்துவிட்டு, ரொம்ப அழகான கோடு என்றாள். அப்போது கதவைத் திறந்து மேடம் எட்டிப் பார்த்தார். ஆய்வுக்காரர்கள் தளத்துக்கு வந்துவிட்டார்கள், ஜூனியரை விட்டுவிட்டு மேசைக்கு வா என்றார்.

நான் எழுந்தேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், எழுந்தேன். உத்தரவு அது. திரை நன்றாக இருந்தது. பதினோரு வருஷம் நான் எழுந்து போயிருக்கிறேன். கையை உருவப் பார்த்தேன், அவள் விடவில்லை. அந்தப் பாகிஸ்தான்காரி பிடித்திருந்த சட்டை நுனி கண்முன் வந்தது. கூட இருக்கிற வேலைதான் இருக்கு என்று அண்ணாச்சி சொன்னதும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் தெரியாது. மேடத்திடம் வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் மெமோ கொடுங்கள் என்றும் சொன்னேன். அவர் முகம் சிவந்து கதவைச் சாத்தினார். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

சும்மா உட்கார்ந்திருந்தேன் பிள்ளைகளே, அதுதான் விஷயம். எழுதவில்லை, திரையைப் பார்க்கவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்ததால் என் விரல்கள் அவள் மணிக்கட்டில் தானாக விழுந்திருந்தன. அறையில் இயந்திரம் டக் டக்கென்று குழந்தையின் துடிப்பை ஒலித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. காதில் விழுகிற டக்கும் விரலில் தட்டுகிற துடிப்பும் ஒன்றாக விழுந்தன. அவள் முக்கினாள், இரண்டும் வேகமெடுத்தன. முக்கி முடித்து மூச்சு வாங்கினாள், இரண்டும் ஒன்றாகத் தணிந்தன. இயந்திரம் கால் மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது தாயின் துடிப்பை. முக்குகிறவளின் நாடி அந்த வேகத்துக்கு ஏறும். நாங்கள் எல்லாரும் அழகான கோடு என்று பாராட்டியது செல்வராணியின் நாடியை. அப்படியானால் உள்ளே பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பூமியில் ஒருவருக்கும் தெரியாது.

துடிப்பைக் கேட்கிற கைக்கருவியை எடுத்து அடிவயிற்றில் வேறு இடத்தில் வைத்துத் தேடினேன். கிடைத்தது. மெதுவாக, தளர்ந்து, எழுபது, இருக்க வேண்டியதில் பாதி. மறுபடி எண்ணினேன், எழுபதுதான். அவசர மணியை அழுத்தினேன். ஜூனியரிடம், பார்க்கிறதையெல்லாம் நேரத்தோடு எழுது என்றேன். அவளுக்குப் பதற்றத்தில் தாள் அகப்படவில்லை. என் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை உருவிக் கொடுத்தேன். அது எந்தத் தாள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

டாக்டரம்மா வந்தார். அவருக்குப் பின்னால் மேடம், மேடத்துக்குப் பின்னால் கதவோரத்தில் ஆய்வுக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர். டாக்டரம்மா சுவரில் இருந்த திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோடு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மணி என்று கேட்டார். விளக்கிச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் அந்தப் பிள்ளையுடையது. டாக்டரம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, அவர் விரல்களைச் செல்வராணியின் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். ஒரு டாக்டரை அப்படிக் கைப்பிடித்து இழுத்தது அதுதான் முதலும் கடைசியும்.

பத்து வினாடி இருக்கும். இயந்திரம் டக் டக்கென்றது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. "கலாஸ்," என்று மட்டும் சொன்னார், அரபியில் போதும் என்று. கையுறை கேட்டார். தலை நன்றாக இறங்கியிருந்ததால் தியேட்டருக்குக் கொண்டுபோகிற நேரத்தை வீணாக்காமல் அங்கேயே பிள்ளையின் தலையில் வாக்வம் கிண்ணம் போட்டு இழுத்து எடுப்பது என்று முடிவெடுத்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் தங்கம். அதை நான் எங்கேயும் சொல்வேன். குழந்தை மருத்துவரைக் கூப்பிட மேடமே ஓடினார்.

நான் செல்வராணியின் காதருகே குனிந்தேன். பிள்ளைக்குக் களைப்பாக இருக்கிறது, இப்போதே வெளியே வர வேண்டும், உன்னால்தான் முடியும் என்றேன். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். முதல் இழுப்பில் தலை நகர்ந்தது. இரண்டாவதில் வெளியே வந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. வெட்டி எடுத்தபோது பிள்ளை நீலம் பூத்து, கை கால் தொங்கிக் கிடந்தது. பெண் குழந்தை.

குழந்தை மருத்துவர் மூச்சுப்பையை அழுத்திக்கொண்டிருந்தார். செல்வராணி, ஏன் சத்தம் இல்லை என்று கேட்டாள். மருத்துவர் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றேன். சொல்ல வேறொன்றும் என்னிடம் இல்லை. ஜூனியர் ஒவ்வொரு அரை நிமிஷத்துக்கும் நேரத்தை உரக்கச் சொல்லி எழுதினாள். ஒன்றரை நிமிஷம் முடிந்தபோது ஒரு முக்கல் கேட்டது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் அழுதாள் பாருங்கள், கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கும். டாக்டரம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மேடம் வாசலில் நின்று விம்மினார். நான் சிரித்தேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம். என் கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு அந்த வெள்ளைக்கார அம்மா என் அருகே வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். அங்கே தீப்பிடித்தால் சிவப்பு, மூச்சு நின்றால் நீலம். உங்கள் பதவி என்ன என்று கேட்டார். மேடத்துக்குத் திக்கென்றது. ஆய்வில் திரும்பிய அட்டை ஒரு குற்றம். நான் அட்டையைப் புரட்டி முன்பக்கத்தைக் காட்டி, மிட்வைஃப் என்றேன். அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. தலையை அசைத்துவிட்டுப் போனார். அட்டை அதற்குப் பிறகு நான் ரிட்டயர் ஆகிற நாள்வரை திரும்பவில்லை.

இன்றைக்கு நீங்கள் ஒவ்வொரு அரை மணிக்கும் தாயின் நாடியையும் குழந்தையின் துடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறீர்கள். தாய் முக்குகிற கட்டத்தில் மிட்வைஃப் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. சுகமாக உட்காரக்கூட விட மாட்டேன்கிறார்கள் என்று முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். முணுமுணுங்கள். அந்த விதிகளை எழுதிக் கொடுத்தது டாக்டரம்மா, கையெழுத்துப் போட்டது மேடம். எனக்கு மெமோ வரவேயில்லை. நடுமேசையிலிருந்த என் நாற்காலியைத் தூக்கி மூன்றாம் அறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டது மட்டும் நான்.

அன்று மாலை நாலு மணிக்குப் பதிவுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். செல்வராணியின் புருஷன் அதற்குள் வந்துவிட்டான். பாலத்திலிருந்து அந்த வியர்வையோடேயே வந்தவன் பிள்ளையைத் தொடப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பதவி என்ற கட்டம் வந்தது. பேனாவை ஜூனியரிடம் கொடுக்கவில்லை. என் கையால், ஒவ்வொரு எழுத்தாக, முழுச் சொல்லையும் எழுதினேன். கோப்பைக் கட்டிக் கீழே அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் மேசைப் போன் அடித்தது. அண்ணாச்சி.

"தங்கச்சி, கோப்பு வந்து சேந்தது. வழக்கமா உங்கடை படிவத்தைத் திருப்பி அனுப்புறனான். இண்டைக்கு ஒரு குறையும் இல்லை," என்றார். "ஆனால் இதுக்குள்ளை உங்கடை மாற்றல் படிவமும் கிடக்கு. மேடத்திட்டை அனுப்பவோ?"

எனக்கு அப்போதுதான் எந்தத் தாளை உருவிக் கொடுத்தேன் என்று தெரிந்தது. "பின்பக்கம் பாருங்க அண்ணாச்சி," என்றேன்.

தாளைப் புரட்டுகிற சத்தம் போனில் கேட்டது. ஜூனியரின் கிறுக்கல் எழுத்தை அவர் மெல்ல வாசித்தார். துடிப்பு எழுபது, இந்த நேரம். வாக்வம், இந்த நேரம். தலை, இந்த நேரம். மூச்சு இல்லை. மூச்சு இல்லை. மூச்சு இல்லை. கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். அழுதாள் என்று அதில் எழுதியிருந்தது.

"அப்ப இது அந்தப் பிள்ளையின்ரை கோப்பிலைதான் இருக்கவேணும்," என்றார்.

"அங்கேயே இருக்கட்டும்," என்றேன். அட்டைக்கு ரிப்பன் வந்துவிட்டது, என்ன செய்யட்டும் என்று அவர் கேட்கத் தொடங்கினார். அதற்குள் மூன்றாம் அறையிலிருந்து மணி அடித்தது. பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு எழுந்து போனேன்.